3 பேரா, 1,621 பேரா? தேர்தல் பணிக்குச் சென்ற உத்தரப் பிரதேச ஆசிரியர்களின் உயிரிழப்புக் கணக்கு மாறியது எப்படி?

லக்னோ: கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல் மாதத்தில், உத்தரப் பிரதேசத்தில் நான்கு கட்டங்களாக ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தேர்தல் முடிந்த இரண்டு வாரங்களில், 1,621 ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் உயிரிழந்துவிட்டதாக ஆசிரியர் சங்கம் பட்டியல் வெளியிட்டது. அடுத்த சில நாள்களில், தேர்தல் பணியின்போது உயிரிழந்த ஆசிரியர்கள் 3 பேர் மட்டுமே என்று மாநில அடிப்படைக் கல்வித் துறை அறிவித்தது.

ஒரே நிகழ்வு குறித்த இரு எண்களுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி ஏற்பட்டது? பட்டியலில் இருந்தவர்கள் உயிரிழக்கவில்லை என்று அரசு கூறவில்லை. 'தேர்தல் பணி' என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதற்கு விதிகளில் இருந்த விளக்கமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் பணியாற்றும் ஆசிரியர்களின் பாதுகாப்பு குறித்த விவாதத்தில் இந்த நிகழ்வு இன்றும் முக்கிய இடம் வகிக்கிறது. அதன் பின்னணி குறித்த விரிவான தொகுப்பு:

தேர்தல் நடத்தப்பட்டது ஏன்?

உத்தரப் பிரதேசத்தில் கிராம ஊராட்சித் தலைவர்களின் ஐந்தாண்டு பதவிக்காலம் 2020 டிசம்பர் 25-ஆம் தேதியுடன் நிறைவடைந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் புதிய தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு கூறுகிறது. பெருந்தொற்று காரணமாகத் தேர்தல் தள்ளிப்போனதால், இந்த விவகாரம் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலை ஏப்ரல் 30-ஆம் தேதிக்குள் நடத்தி முடிக்குமாறு 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நாட்டில் தொற்றுப் பரவல் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆனால், தேர்தல் நாள் நெருங்கியபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. ஏப்ரல் 15, 19, 26, 29 ஆகிய தேதிகளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. மாநிலத்தின் 75 மாவட்டங்களில் முதல் கட்டத்தில் 18 மாவட்டங்களும், இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் தலா 20 மாவட்டங்களும், இறுதிக் கட்டத்தில் 17 மாவட்டங்களும் வாக்களித்தன. இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையே, ஏப்ரல் 24-ஆம் தேதி, மாநிலத்தில் ஒரே நாளில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதி செய்யப்பட்டது. மருத்துவமனைகளில் படுக்கைகளும் ஆக்சிஜனும் கிடைக்காமல் நோயாளிகளின் உறவினர்கள் அலைந்து திரிந்த நாள்கள் அவை.

பள்ளிகள் மூடல்; ஆசிரியர்களுக்கு அழைப்பு

மாணவர்களின் பாதுகாப்பு கருதி, உத்தரப் பிரதேசத்தில் பள்ளிகள் ஏப்ரல் மாதத்தில் மூடப்பட்டிருந்தன. தொற்றுப் பரவலைக் காரணம் காட்டி, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்வதாகவும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ஒத்திவைப்பதாகவும் மத்திய அரசு ஏப்ரல் 14-ஆம் தேதி அறிவித்தது. மறுநாள் உத்தரப் பிரதேச மாநில வாரியத் தேர்வுகளும் ஒத்திவைக்கப்பட்டன. அதே ஏப்ரல் 15-ஆம் தேதிதான் ஊராட்சித் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நடைபெற்றது.

தேர்வு அறையில் இடைவெளி விட்டு அமர்ந்து எழுதுவதே பாதுகாப்பற்றது என்று முடிவெடுக்கப்பட்ட அதே நாள்களில், பல நூறு வாக்காளர்கள் வந்து செல்லும் வாக்குச்சாவடிகளில் ஆசிரியர்கள் நாள் முழுவதும் அமர்த்தப்பட்டனர். மாணவர்களுக்கு ஆபத்தானதாகக் கருதப்படும் கூட்டம் ஆசிரியர்களுக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானதாகும் என்பதே சங்கங்கள் எழுப்பிய முதல் கேள்வி.

ஆசிரியர்கள் மறுக்க முடியுமா?

ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு கூறுகிறது. எனினும், அதே பிரிவு மூன்று விதிவிலக்குகளையும் அளிக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணப் பணி, உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பணி ஆகியவையே அவை.

உள்ளாட்சித் தேர்தலைப் பொறுத்தவரை, மாநிலத் தேர்தல் ஆணையம் கோரும் பணியாளர்களை ஆளுநர் அளிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 243கே பிரிவு கூறுகிறது. ஊர்தோறும் பரவியிருக்கும் படித்த அரசு ஊழியர்கள் என்ற வகையில், தேர்தல் பணியாளர் பட்டியலில் ஆசிரியர்களே எப்போதும் முதலிடம் பெறுகின்றனர். பணிக்கான ஆணை வந்த பிறகு, தக்க காரணமின்றி வராதவர்கள் துறைரீதியான நடவடிக்கையை எதிர்கொள்ள நேரிடும்.

தேர்தல் பணிக்காகக் கற்பித்தல் பாதிக்கப்படக் கூடாது என்றும், விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத நாள்களிலும் மட்டுமே ஆசிரியர்களை அப்பணியில் ஈடுபடுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மாணவர்களின் கற்றலைப் பாதுகாக்கும் தீர்ப்பு அது. ஆசிரியரின் உடல்நலத்துக்கு ஆபத்து நேரும்போது அவர் பணியிலிருந்து விலகிக்கொள்ளலாமா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. பெருந்தொற்று அந்தக் கேள்வியை எழுப்பியபோது, அதற்குத் தெளிவான விடை எந்த விதியிலும் இல்லை.

தொற்று அபாயம் எங்கே இருந்தது?

தேர்தல் பணி என்பது வாக்குப்பதிவு நடைபெறும் ஒரு நாளோடு முடிவதில்லை. அதற்கு முன்பே பயிற்சி வகுப்பு நடைபெறும். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், குறிப்பிட்ட மையத்தில் கூடி, வாக்குச்சீட்டுகள், வாக்குப்பெட்டி, மை, படிவங்கள் ஆகியவற்றைப் பெற வேண்டும். பின்னர் குழுவாக ஒரே வாகனத்தில் ஊருக்குச் சென்று, இரவு அங்கேயே தங்க வேண்டும். வாக்குச்சாவடி பெரும்பாலும் அந்த ஊரின் பள்ளிக்கூடமாகவே இருக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகளை முத்திரையிட்டு, மீண்டும் மையத்துக்குச் சென்று வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும்.

ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் வாக்களித்ததால், அந்த மாவட்டத்தின் பணியாளர்கள் ஒரே நேரத்தில் இந்த மையங்களில் கூடினர். பயிற்சிக் கூடங்களிலும் பொருள் வழங்கும் மையங்களிலும் இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்பது சங்கங்களின் முதன்மைக் குற்றச்சாட்டு.

ஊராட்சித் தேர்தலின் தன்மையும் பணிச்சுமையைக் கூட்டியது. இந்தத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் பயன்படுத்தப்படவில்லை. கிராம ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சி உறுப்பினர், வட்டார ஊராட்சி உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நான்கு பதவிகளுக்கும் ஒவ்வொரு வாக்காளருக்கும் தனித்தனிச் சீட்டுகளைக் கையால் வழங்க வேண்டியிருந்தது. பின்னர் அவற்றைப் பிரித்து, அடுக்கி, கையால் எண்ணவும் வேண்டியிருந்தது. 12 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட தேர்தல் என்பதால், மே 2-ஆம் தேதி தொடங்கிய வாக்கு எண்ணிக்கை ஒரே நாளில் முடியவில்லை.

தடுப்பூசி ஏன் கிடைக்கவில்லை?

நாட்டில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, சுகாதாரப் பணியாளர்களுக்கும், அடுத்து காவல்துறை, தூய்மைப் பணி போன்ற முன்களப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஆசிரியர்கள் தனிப் பிரிவாக அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கு அடுத்தபடியாக ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று யுனிசெஃப் அமைப்பு 2020 டிசம்பரிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

45 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தடுப்பூசி செலுத்தும் பணி ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தொடங்கியது. அன்றே ஓர் ஆசிரியர் கோவிஷீல்டு முதல் தவணையைச் செலுத்திக்கொண்டிருந்தாலும், அப்போதைய விதிப்படி இரண்டாம் தவணைக்கு 6 முதல் 8 வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் நான்கு கட்ட வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் முடிந்துவிடும். 45 வயதுக்கு உட்பட்ட ஆசிரியர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசி மே 1-ஆம் தேதி, அதாவது இறுதிக் கட்ட வாக்குப்பதிவுக்குப் பிறகே தொடங்கியது.

இதில் மற்றொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல் அட்டவணையை 2021 பிப்ரவரி 26-ஆம் தேதி வெளியிட்ட இந்தியத் தேர்தல் ஆணையம், தேர்தல் பணியாளர்கள் முன்களப் பணியாளர்களாகக் கருதப்பட்டு, பணிக்கு முன் அவர்களுக்குத் தடுப்பூசி செலுத்தப்படும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு ஐந்து சட்டமன்றத் தேர்தல்களுக்கானது. ஊராட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. தனி அமைப்பான மாநிலத் தேர்தல் ஆணையம். தேர்தல் பணி ஒன்றுதான் என்றாலும், எந்த ஆணையத்தின்கீழ் பணியாற்றுகிறார் என்பதைப் பொறுத்து ஓர் ஆசிரியருக்கான பாதுகாப்பு மாறியது.

எச்சரிக்கையும் நீதிமன்றத் தலையீடும்

தேர்தல் பணிக்குச் சென்ற 135 ஆசிரியர்களும் பிற கல்விப் பணியாளர்களும் உயிரிழந்ததாக இந்தி நாளிதழ் ஒன்றில் செய்தி வெளியானது. அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்ட அலகாபாத் உயர் நீதிமன்றம், ஏப்ரல் 27-ஆம் தேதி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கொரோனா விதிமுறைகள் பின்பற்றப்படுவதை ஏன் உறுதி செய்யவில்லை என்று விளக்கம் கேட்ட நீதிமன்றம், எஞ்சியிருந்த இறுதிக் கட்டத்தில் அவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும் உத்தரவிட்டது.

இறுதிக் கட்ட வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 29-ஆம் தேதி, உயிரிழந்த 706 பேரின் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பிய உத்தரப் பிரதேச தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம், வாக்கு எண்ணிக்கையை ஒத்திவைக்கக் கோரியது. இல்லையெனில் எண்ணிக்கைப் பணியைப் புறக்கணிப்போம் என்றும் ஆசிரியர் அமைப்புகள் அறிவித்தன.

விவகாரம் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மே 1-ஆம் தேதி விடுமுறை நாளில் கூடி விசாரித்த நீதிமன்றம், தேர்தல் ஆணையம் அளித்த உறுதிமொழிகளை ஏற்று, 829 மையங்களிலும் திட்டமிட்டபடி வாக்கு எண்ணிக்கையை நடத்த அனுமதித்தது. வெற்றி ஊர்வலங்களுக்குத் தடை, ஒவ்வொரு மையத்துக்கும் பொறுப்பு அதிகாரி, கண்காணிப்பு கேமரா பதிவுகளைப் பாதுகாத்தல் உள்ளிட்ட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

'3 பேர்' என்ற எண் எங்கிருந்து வந்தது?

மே 16-ஆம் தேதி சங்கம் மீண்டும் ஒரு பட்டியலை முதலமைச்சருக்கு அனுப்பியது. மாவட்டவாரியாகப் பெயர், பணிபுரிந்த பள்ளி ஆகிய விவரங்களுடன் தயாரிக்கப்பட்ட அதில் 1,621 பேர் இடம்பெற்றிருந்தனர். அதிகபட்சமாக ஆசம்கர் மாவட்டத்தில் மட்டும் 68 பேர் உயிரிழந்ததாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ.1 கோடி இழப்பீடு வழங்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை.

இதற்கு மே 18-ஆம் தேதி அடிப்படைக் கல்வித் துறை பதிலளித்தது. பயிற்சி, வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஆகிய பணிகளுக்காக ஒருவர் வீட்டிலிருந்து புறப்படும் நேரம் முதல், பணி முடிந்து வீடு திரும்பும் நேரம் வரையிலான காலமே தேர்தல் பணிக் காலம் என்பது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். அந்தக் காலத்துக்குள் நேரும் உயிரிழப்புக்கே இழப்பீடு பெற முடியும். அதன்படி மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளில் 3 ஆசிரியர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன என்று துறை விளக்கமளித்தது.

சாலை விபத்து, வன்முறை, மாரடைப்பு போன்றவற்றை மனதில் கொண்டு வகுக்கப்பட்ட விதி அது. வாக்குப்பெட்டியுடன் செல்லும் வாகனம் கவிழ்ந்தாலோ, வாக்குச்சாவடியில் வன்முறை நிகழ்ந்தாலோ, உயிரிழப்பு எங்கே, எப்போது நேர்ந்தது என்பதில் ஐயம் எழாது. தொற்றுநோய் அப்படிப்பட்டதல்ல.

உலக சுகாதார அமைப்பின் தகவலின்படி, வைரஸ் உடலுக்குள் சென்ற பிறகு அறிகுறிகள் தோன்றச் சராசரியாக 5 முதல் 6 நாள்கள் ஆகும். சிலருக்கு 14 நாள்கள் வரையும் ஆகலாம். நோய் தீவிரமடைந்து உயிரிழப்பு நேர்வதற்கு மேலும் பல நாள்கள், சில வாரங்கள்கூட ஆகின்றன. ஏப்ரல் 15-ஆம் தேதி வாக்குச்சாவடியில் தொற்றுக்கு ஆளான ஓர் ஆசிரியர், ஏப்ரல் 20-ஆம் தேதி வாக்கில் காய்ச்சலில் விழுந்து, மே முதல் வாரத்தில் உயிரிழந்திருக்கக் கூடும். ஆனால், விதியின் கணக்குப்படி அவருடைய தேர்தல் பணி ஏப்ரல் 15 இரவு அவர் வீட்டு வாசலை மிதித்ததுமே முடிந்துவிட்டது.

அதாவது, பணியின்போது தொற்றிய கொரோனாவால் ஒருவர் இந்த விதிக்குள் வர வேண்டுமெனில், பணி முடிந்து வீடு திரும்பும் முன்பே அவர் உயிரிழந்திருக்க வேண்டும். நோயின் இயல்புப்படி அது ஏறத்தாழ நடக்க முடியாத ஒன்று. அதனால்தான் பட்டியலில் இருந்த 1,621 பேரில் பெரும்பாலோர் அரசின் கணக்கில் இடம்பெறவில்லை.

அரசுத் தரப்பு வாதம் என்ன?

அரசுத் தரப்பில் முன்வைக்கப்பட்ட சிக்கலும் உண்மையானதே. அந்த நாள்களில் மாநிலம் முழுவதும் தொற்று பரவியிருந்தது. ஒருவருக்குப் பயிற்சிக் கூடத்தில் தொற்றியதா, வீட்டில் தொற்றியதா, கடைவீதியில் தொற்றியதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. சங்கத்தின் பட்டியலில் இருந்த ஒவ்வோர் உயிரிழப்பும் தேர்தல் பணியால் நேர்ந்தது என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. விதியை மீறி இழப்பீடு வழங்கத் துறைக்கு அதிகாரமும் இல்லை. ஆணையத்தின் வழிகாட்டுதலையே தாங்கள் பின்பற்றுவதாக அப்போதைய அடிப்படைக் கல்வி அமைச்சர் சதீஷ் துவிவேதியும் கூறினார்.

ஆனால், தொற்றிய இடத்தை யாராலும் உறுதிப்படுத்த முடியாத நிலையில், அந்த ஐயத்தின் பலனை யாருக்கு அளிப்பது என்பதே கேள்வியாக இருந்தது. இந்தக் கேள்விக்கு உயர் நீதிமன்றம் மே மாதம் தன் நிலைப்பாட்டைத் தெரிவித்தது. ஆசிரியர்கள் தாமாக முன்வந்து இந்தப் பணியை ஏற்கவில்லை; தயக்கம் தெரிவித்தவர்களும் கட்டாயமாக அனுப்பப்பட்டனர் என்று சுட்டிக்காட்டிய நீதிமன்றம், அரசு அறிவித்திருந்த ரூ.30 லட்சம் போதுமானதல்ல என்றும், குறைந்தது ரூ.1 கோடியாவது வழங்குவது குறித்து அரசும் ஆணையமும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கூறியது.

ஒரு விதி மாறியது, எண்ணும் மாறியது

3 பேர் என்ற அறிவிப்புக்கு எதிர்ப்பு வலுத்ததை அடுத்து, மே 20-ஆம் தேதி முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் தலையிட்டார். தேர்தல் பணிக்கான வழிகாட்டுதல்கள் வகுக்கப்பட்ட காலத்தில் கொரோனா இல்லை என்று குறிப்பிட்ட அவர், அவற்றைப் பரிவுடன் திருத்துவது குறித்து மாநிலத் தேர்தல் ஆணையத்துடன் பேசுமாறு அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

அதன்படி, தேர்தல் பணியில் ஈடுபட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் கொரோனாவால் உயிரிழந்த பணியாளர்களின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் வழங்க மாநில அரசு முடிவு செய்தது. ஆர்டி-பிசிஆர் அல்லது ஆன்டிஜென் பரிசோதனை முடிவுடன், ரத்தப் பரிசோதனை அறிக்கை, நெஞ்சுப் பகுதி சிடி ஸ்கேன் ஆகியவையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பரிசோதனை நிலையங்களில் நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்த அந்தக் காலத்தில், பரிசோதனை முடிவு கையில் கிடைக்கும் முன்பே உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதலாக அமைந்தது.

விதி மாறியதும் கணக்கும் மாறியது. விண்ணப்பங்களைப் பரிசீலித்த அரசு, ஆசிரியர்கள் உள்ளிட்ட பல்வேறு துறைகளைச் சேர்ந்த சுமார் 2,000 பணியாளர்களின் குடும்பங்களை இழப்பீட்டுக்குத் தகுதியானவையாக அறிவித்து, ரூ.600 கோடிக்கும் அதிகமான தொகையை ஒதுக்கியது. மே மாதத்தில் ஆசிரியர்களில் 3 பேர் மட்டுமே என்று கூறிய அதே நிர்வாகம், சில மாதங்களில் இந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டது.

பின்னர் தேசிய அளவிலும் இதேபோன்ற கால அளவு பின்பற்றப்பட்டது. கொரோனா உயிரிழப்புச் சான்றிதழ் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகமும் ஐசிஎம்ஆர் அமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நேரும் மரணம், மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தாலும், கொரோனா மரணமாகக் கருதப்படும் என்று கூறப்பட்டது.

இழப்பீடு யாருக்கு மிக அவசியம்?

சங்கத்தின் பட்டியலில் நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் இடம்பெறவில்லை. 'சிக்ஷா மித்ரா' எனப்படும் ஒப்பந்தக் கல்விப் பணியாளர்களும் இருந்தனர். உத்தரப் பிரதேசத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறைக் கற்பித்தலில் ஈடுபடும் இவர்களை நிரந்தர ஆசிரியர்களாக நியமித்தது செல்லாது என்று 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் இவர்கள் மாதம் ரூ.10 ஆயிரம் மதிப்பூதியத்தில் பணியாற்றி வந்தனர்.

தேர்தல் பணி என்று வரும்போது நிரந்தர ஆசிரியருக்கும் சிக்ஷா மித்ராவுக்கும் வேறுபாடு இல்லை. இருவரும் ஒரே வாகனத்தில் சென்று, ஒரே மேசையில் அமர்ந்து வாக்குச்சீட்டு வழங்குகின்றனர். ஆனால், மாதம் ரூ.10 ஆயிரத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கு, வருவாய் ஈட்டியவர் மறைந்த பிறகு எஞ்சுவது மிகக் குறைவு. ரூ.30 லட்சம் என்பது அத்தகைய குடும்பத்துக்கு 25 ஆண்டு மதிப்பூதியத்துக்குச் சமம். தேர்தல் பணிக் காலத்துக்கான வரையறையில் ஒரு வரி மாறுவது எவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

வகுப்பறைகளிலும் இதே கேள்வி

ஆசிரியர்களின் அச்சம் தேர்தல் பணியோடு நின்றுவிடவில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளைப் படிப்படியாகத் திறக்க, அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி முதல் மாநிலங்களுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது. மாணவர் வருகை கட்டாயமில்லை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை என்று அந்த வழிகாட்டுதல் கூறியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்குக் கிடைத்தது. பள்ளிக்கு வரலாமா என்று முடிவெடுக்கும் உரிமை பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இல்லை.

2020 நவம்பர் 2-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசத்தில் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, மூன்றே நாள்களில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியானது. பள்ளிக்கு வந்த லட்சக்கணக்கானோருடன் ஒப்பிடுகையில் இது மிகச் சிறிய விகிதம் என்று அம்மாநில அதிகாரிகள் விளக்கமளித்தனர். எனினும், தொற்று ஏற்பட்டால் மாணவர்களைவிட வயது முதிர்ந்த ஆசிரியர்களுக்கும், நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற இணைநோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பதால், அந்த விகிதத்தை ஆசிரியர்கள் வேறு விதமாகவே பார்த்தனர்.

அதன்பின் மாறியது என்ன?

2021 ஆகஸ்டில், ஆசிரியர் தினமான செப்டம்பர் 5-ஆம் தேதிக்குள் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் தடுப்பூசி செலுத்த முன்னுரிமை அளிக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்ட மத்திய அரசு, அதற்காகக் கூடுதலாக 2 கோடிக்கும் அதிகமான தவணைகளை ஒதுக்குவதாக அறிவித்தது. நாட்டில் அப்போது சுமார் 97 லட்சம் பள்ளி ஆசிரியர்கள் பணியாற்றினர். அனைவருக்கும் இரு தவணைகள் செலுத்தத் தேவையான அளவைவிட இந்த ஒதுக்கீடு அதிகம்.

2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் பரவலுக்கு இடையே உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. இம்முறை இரு தவணை தடுப்பூசி செலுத்தியவர்களையே தேர்தல் பணியில் ஈடுபடுத்துவது என்று இந்தியத் தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. பணியாளர்கள் முன்களப் பணியாளர்களாகக் கருதப்பட்டு, தகுதியானவர்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணையும் செலுத்தப்பட்டது. ஒரு வாக்குச்சாவடிக்கான அதிகபட்ச வாக்காளர் எண்ணிக்கை 1,500-லிருந்து 1,250 ஆகக் குறைக்கப்பட்டது. ஓராண்டுக்கு முன் ஆசிரியர் சங்கங்கள் விடுத்த கோரிக்கைகள் நடைமுறைப்படுத்தக் கூடியவையே என்பதை இந்த ஏற்பாடுகள் காட்டின.

எஞ்சியிருக்கும் கேள்வி

30 நாள் விதி, இழப்பீட்டுக் கணக்கைச் சரிசெய்தது. ஆனால், அது உயிரிழப்புக்குப் பிறகு பயன்படும் விதி. பெருந்தொற்றுக் காலத்தில் இணைநோய் உள்ள ஓர் ஆசிரியர் கட்டாயப் பணியிலிருந்து விலக்குக் கோரினால் அதை யார், எத்தனை நாள்களுக்குள் பரிசீலிப்பது. தடுப்பூசியோ உரிய பாதுகாப்போ இல்லாத நிலையில் பணி ஆணையை நிறுத்திவைக்க முடியுமா ஆகிய கேள்விகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவில் விடை இல்லை. ஆசிரியர்களை எந்தெந்தப் பணிக்கு அழைக்கலாம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அழைக்கப்பட்டவர்களை எப்படிப் பாதுகாப்பது என்பதைச் சொல்லவில்லை.

தேர்தல்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொடர்ந்து நடைபெறும். அவற்றுக்கு அழைக்கப்படுபவர்களில் ஆசிரியர்களே முன்வரிசையில் இருப்பார்கள். அடுத்த பெருந்தொற்று வரும்போதும், வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும் வரையே பணி என்ற பழைய கணக்கு மீண்டும் எடுக்கப்படாமல் இருக்க வேண்டுமெனில், பாதுகாப்பு விதிகள் பணி ஆணைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே 2021 ஏப்ரல் உணர்த்தும் பாடம்.